சின்ன பட்ஜெட்... பெரிய மலை!

டிக்கெட்டே விற்காத ஒரு விளையாட்டு உலகத்தில் இருக்கிறது, தெரியுமா?

கிரிக்கெட்டுக்கு ஸ்டேடியம் உண்டு. வாசலில் டிக்கெட் கவுன்ட்டர் உண்டு. சைக்கிள் பந்தயத்துக்குச் சாலைதான் மைதானம். பிரான்ஸில் நடக்கும் டூர் டி பிரான்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 21 நாள் பந்தயம். மொத்தம் 3,000 கிலோமீட்டருக்கும் மேல். வழியெல்லாம் மக்கள் நாற்காலி போட்டு, சாப்பாட்டு மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாரும் ஒரு பைசா தர வேண்டியதில்லை. டி.வி உரிமையில் வரும் பணத்தின் பெரும்பகுதி, பந்தயத்தை நடத்தும் நிறுவனத்துக்கே போய்விடும்.

அப்படியானால் சைக்கிளை மிதிக்கிறவருக்குச் சம்பளம் யார் தருவது?

சட்டையில் யார் பெயர் இருக்கிறதோ, அவர்தான். அதனால்தான் இந்த விளையாட்டில் டீம்களுக்குப் பெரும்பாலும் ஊர்ப் பெயர் கிடையாது. சூப்பர் மார்க்கெட், லாட்டரி, எண்ணெய் கம்பெனி, டெலிபோன் கம்பெனி என்று ஸ்பான்சர் பெயர்தான் டீமின் பெயர். ஸ்பான்சர் போனால் பெயர் போகும். பல நேரம் டீமே போய்விடும்.

இந்தச் சிக்கலையே ஆட்டமாக மாற்றிய கம்ப்யூட்டர் கேம்தான் 'புரோ சைக்கிளிங் மேனேஜர்'. பிரான்ஸைச் சேர்ந்த சயனைடு ஸ்டுடியோ 2001-ல் 'சைக்கிளிங் மேனேஜர்' என்று ஆரம்பித்தது. 2005 முதல் இப்போதைய பெயரில் வருடா வருடம் புதுப் பதிப்பு வருகிறது. இதில் நீங்கள் சைக்கிள் ஓட்டப்போவதில்லை. நீங்கள் மேனேஜர். யாரை வேலைக்கு எடுப்பது, என்ன சம்பளம், எந்தப் பந்தயத்துக்கு யாரை அனுப்புவது, மலை அடிவாரத்தில் யாரை முன்னால் விடுவது எல்லாமே உங்கள் தலையில்.

பணக்கார டீமை எடுத்தும் ஆடலாம். ஆனால், கையில் காசில்லாத டீமை எடுத்து ஆடினால்தான் இந்த கேமின் ருசி தெரியும். ஐந்தாவது சீசனாக அப்படி ஒரு டீமை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் கிடைத்த சில பாடங்கள், மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற எல்லோருக்குமே புரியும்.

மூன்று படிகள்

முதலில் வீட்டின் அமைப்பைப் பார்த்துவிடுவோம். நிஜ உலகத்தில் ஆண்கள் தொழில்முறை சைக்கிள் டீம்களுக்கு மூன்று படிகள். மேல் படி 'வேர்ல்டு டூர்'. வழக்கமாக 18 டீம்கள். நடுப்படி 'புரோ டீம்'. கீழ்ப்படி 'கான்டினென்டல்'. மேல் படி டீம்களுக்குப் பெரிய பந்தயங்களில் இடம் நிச்சயம். நடுப்படி டீம்களில் ஒரு சிலவற்றைத் தவிர மற்றவை, பந்தயம் நடத்துகிறவர்கள் தரும் 'வைல்டு கார்டு' அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். கீழ்ப்படி டீம்களுக்கு டூர் டி பிரான்ஸ் டி.வி-யில் பார்க்கிற விஷயம்.

கேமிலும் இதே படிகள்தான். என் டீம் தொடங்கியது கீழ்ப்படியில். முதல் சீசனின் கணக்கைப் பார்த்தபோது, பட்டியலில் இருந்த ஒரே ஒரு நட்சத்திரத்தின் சம்பளமே மாத வருமானத்தில் கால் பங்கைத் தின்றுகொண்டிருந்தது. சம்பளம் வந்ததும் வாடகைக்கே கால் பங்கு எடுத்து வைக்கிறோமே, அதே வயிற்றெரிச்சல்!

மலிவாகக் கிடைக்கும் நல்ல சரக்கு

கேமில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு மதிப்பெண் அட்டை உண்டு. மலை, குன்று, சமதளம், ஸ்பிரின்ட், தனிநேர ஓட்டம், கல் பாவிய சாலை, இறக்கம், தாக்குப்பிடிக்கும் சக்தி, களைப்பு நீங்கி மீளும் வேகம் என்று நீளும் பட்டியல். மதிப்பெண் பெரும்பாலும் 50-லிருந்து 85-க்குள் இருக்கும்.

எல்லோர் கண்ணும் மலை, ஸ்பிரின்ட் இரண்டின் மேல்தான். அந்த இரண்டில் எண் உயர்ந்தால் சம்பளமும் உயரும். எல்லாவற்றிலும் சுமாராக இருக்கிற வீரரும், பார்க்கப் பூரணமாகத் தெரிவதால், கொஞ்சம் அதிகமாகவே கேட்பார்.

காசில்லாதவர் பார்க்க வேண்டியது அட்டையின் கீழ்ப்பகுதியை. அங்கே 'ஃபைட்டர்' என்று ஒரு குணம் இருக்கிறது. கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு தனியே ஓடும் துணிச்சல், வம்படி. கூடவே இறக்கத்தில் வேகம், குன்றுகளில் சுறுசுறுப்பு. மலையில் 65 மட்டுமே இருந்தாலும், இந்த மூன்றும் 72, 73 என்று இருக்கிற ஆள் மலிவாகக் கிடைப்பார். சந்தையில் எல்லோரும் தக்காளியைச் சுற்றி நிற்கும்போது, ஓரத்தில் கிடக்கும் கீரைக்கட்டை எடுத்துவருகிற புத்தி இது. சமைக்கத் தெரிந்தவருக்குக் கீரையும் விருந்துதான்.

எல்லாக் கல்யாணத்துக்கும் போக வேண்டியதில்லை

புதிதாக ஆடுகிறவர்கள் அழைப்பு வந்த பந்தயத்துக்கெல்லாம் டீமை அனுப்புவார்கள். மார்ச் மாதத்திலேயே வீரர்களுக்கு நாக்குத் தள்ளிவிடும். கேமில் ஒவ்வொரு வீரரின் உடல்தகுதியும் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும். அந்த உச்சத்தை எந்த வாரத்தில் வைப்பது என்பதுதான் மேனேஜரின் சாமர்த்தியம். போதாக்குறைக்கு, அன்றாட உடல்நிலை வேறு: ஒரு நாள் +5, மறுநாள் -5 என்று எப்படியும் அமையலாம். தூங்கி எழுந்ததும் எல்லா நாளும் ஒன்றாகவா இருக்கிறது நமக்கு?

என் கணக்கு எளிமையானது. பெரிய டீம்களின் முக்கிய வீரர்கள் ஜூலையில் பிரான்ஸில் இருப்பார்கள். அதே நேரத்தில் மற்ற இடங்களில் சின்னப் பந்தயங்கள் நடக்கும். என் ஆட்களின் உச்சம் அங்கே. ஸ்பான்சர் சீசன் தொடக்கத்தில் இலக்குப் பட்டியல் தருவார். 'இந்தப் பந்தயத்தில் வெற்றி, அந்தப் பந்தயத்தில் முதல் பத்து' என்று. எல்லாவற்றையும் துரத்தினால் ஒன்றும் கிடைக்காது. ஐந்தில் முடியக்கூடிய மூன்றைத் தேர்ந்தெடுத்து, அவற்றை ஒழுங்காக முடித்துக் காட்டினால், அடுத்த வருடமும் செக் வரும்.

தப்பி ஓடும் கலை

சைக்கிள் பந்தயத்தில் எதிரி மலை மட்டுமல்ல, காற்றும்தான். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவார். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவருக்கு நிறைய வேலை மிச்சம். அதனால்தான் 150 பேருக்கு மேல் ஒரே கூட்டமாக ஓட்டுகிறார்கள். 'பெலட்டான்' என்று பெயர். அந்தக் கூட்டத்தின் நடுவில் இருப்பவருக்குக் காற்றின் தொல்லை மிக மிகக் குறைவு.

பணக்கார டீமோடு கடைசி மலையில் நேருக்கு நேர் மோதினால் ஏழை டீம் தோற்கும். கடைசி 200 மீட்டர் ஸ்பிரின்ட்டிலும் தோற்கும். மிச்சம் இருக்கும் ஒரே வழி, காலையிலேயே நாலைந்து பேர் கூட்டத்தை விட்டுத் தப்பி ஓடுவது. ஒட்டுமொத்தப் பட்டியலில் பின்தங்கியிருக்கிற வீரர்கள் ஓடினால், பெரிய டீம்கள் பதறாது. 'போகட்டும், சாயங்காலம் பிடித்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடும்.

பிடிப்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. முன்னாள் வீரரும் வர்ணனையாளருமான ரோபேர் ஷபாத் பெயரால் பிரான்ஸில் சொல்லும் கணக்கு அது. துரத்தும் கூட்டம் 10 கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் மீட்கும். 30 கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போது முன்னால் ஓடுகிறவரிடம் மூன்று நிமிடம் இருந்தால், கோட்டுக்குப் பக்கத்தில் சிக்கிவிடுவார். ஐந்து நிமிடம் இருந்தால், துரத்துகிறவர்களுக்கு வியர்க்கும். கேமிலும் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டே முடிவெடுக்கிறேன், பெரும்பாலும் பொய்க்கவில்லை.

அபூர்வமாகச் சில நாள்களில் பெரிய டீம்களின் கணக்கு தப்பும். 2004 டூர் டி பிரான்ஸில், ஷார்த்ர் நகரில் முடிந்த ஐந்தாவது நாள். ஐந்து பேர் தப்பி ஓடி, 12 நிமிடத்துக்கு மேல் முன்னால் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர், 25 வயது தொமா வொக்லேர். ஒட்டுமொத்த முன்னிலை வீரருக்கான மஞ்சள் சட்டை அவருக்குக் கிடைத்தது. சீக்கிரமே கழன்றுவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒவ்வொரு நாளும் உயிரைக் கொடுத்து ஓட்டி, 10 நாள் அதை வைத்திருந்தார்.

அடுத்த கதை இன்னும் சுவாரஸ்யமானது. 2010-ல் அவர் டீமின் ஸ்பான்சர் விலகிக்கொண்டார். டீம் கலையும் நிலை. வொக்லேருக்கு வேறு இடத்திலிருந்து அழைப்பு இருந்தது. மேனேஜர் ழான் ரெனே பெர்னாதோ கடைசி நேரத்தில் யூரோப்கார் என்ற வாடகை கார் கம்பெனியைப் பிடித்தார், வொக்லேரும் தங்கிவிட்டார். இரண்டாம் படியில், வைல்டு கார்டு வாங்கிக்கொண்டு வந்த அந்த டீமுக்காக 2011-ல் மறுபடி 10 நாள் மஞ்சள் சட்டை அணிந்து, கடைசியில் நான்காம் இடம் பிடித்தார். அவர் சட்டையை இழந்த அதே நாளில், சக வீரர் பியேர் ரோலான் புகழ்பெற்ற ஆல்ப் துவேஸ் மலையில் முதலாவதாக வந்தார். சட்டையில் பெயர் போட்ட கம்பெனிக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடைக்குமா?

வளர்த்த பிள்ளை

ஏழை டீமின் இன்னொரு வழி, யாரும் கவனிக்காத இளைஞனைத் தேடிப் பிடிப்பது. கேமில் ஆள் தேடும் 'ஸ்கவுட்' வேலைக்குச் செலவு உண்டு. ஆனால், நட்சத்திரத்தின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அது கைச்செலவு. பெரிய டீம்கள் அலசி முடித்த நாடுகளை விட்டுவிட்டு, ஆள் போகாத இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

நிஜத்தில் இதற்குச் சரியான உதாரணம், எரித்ரியாவின் பினியாம் கிர்மாய். ஆப்பிரிக்காவின் கிழக்கு ஓரத்தில், சைக்கிள் என்றால் உயிரை விடும் நாடு அது. தலைநகர் அஸ்மாராவில் 2000-ல் பிறந்த கிர்மாய், முதலில் ஒரு பிரெஞ்சு டீமில் இருந்தார். 2021-ல் அந்த டீம் பணமில்லாமல் தள்ளாடியது. சீசனின் நடுவில், பெல்ஜியத்தின் இன்டர்மார்ஷே டீம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அதுவும் மேல் படிக்கு அந்த வருடம்தான் ஏறியிருந்த, பட்ஜெட் குறைந்த டீம்.

அடுத்த வருடமே, 2022-ல், கென்ட் - வெவெல்ஹெம் பந்தயத்தை வென்றார். ஆப்பிரிக்கர் ஒருவர் அதை வென்றது அதுதான் முதல் முறை. 2024 டூர் டி பிரான்ஸில் மூன்று நாள்கள் முதலிடம், பாயின்ட் பட்டியலில் முதலிடத்துக்கான பச்சைச் சட்டை. அந்தப் பந்தயத்தில் ஒரு நாளை வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கரும் அவர்தான். பல மடங்கு செலவு செய்த டீம்கள் பின்னால் நின்று கைதட்டின.

ஆனால், வளர்த்த பிள்ளை வீட்டிலேயே இருக்குமா? சைக்கிள் உலகத்தில் கால்பந்து போல டிரான்ஸ்ஃபர் தொகை கொட்டுவது வழக்கம் இல்லை. ஒப்பந்தம் முடிந்தால் வீரர் கிளம்பிவிடலாம். வளர்த்த டீமுக்கு நன்றி மட்டும் மிஞ்சும். அதனால் கேமில் ஒரு விதி வைத்திருக்கிறேன்: இளைஞன் ஜெயிப்பதற்கு முன்பே ஒப்பந்தத்தை நீட்டிவிட வேண்டும். ஜெயித்த மறுநாள் போய்ப் பேசினால், விலை நம் கைக்குள் இருக்காது.

ஒரு கிளிக்

இரண்டாவது சீசன் முடிவில் எனக்கு ஒரு சோதனை வந்தது. ஒரே ஒரு ஒப்பந்தத்துக்குத்தான் பணம் இருந்தது. ஒரு பக்கம், ஸ்கவுட் கண்டுபிடித்த 20 வயதுப் பையன். மலையில் வருங்காலம் உள்ளவன். இன்னொரு பக்கம், 34 வயது 'டொமெஸ்டிக்'.

டொமெஸ்டிக் என்றால் பிரெஞ்சில் வீட்டு வேலையாள். தலைவருக்கு முன்னால் போய்க் காற்றைத் தாங்குவது, பின்னால் வரும் டீம் காருக்குப் போய்த் தண்ணீர் பாட்டில்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வருவது, தலைவரின் சக்கரம் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பது. இதுதான் அவர் வேலை. பட்டியலில் அவர் பெயர் எப்போதும் கடைசிப் பக்கத்தில். அதனால்தான் நிஜப் பந்தயத்தில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. டூர் டி பிரான்ஸ் சாம்பியனுக்குக் கிடைக்கும் 5 லட்சம் யூரோ பரிசை அவர் தனியாக வைத்துக்கொள்வதில்லை. டீமின் பொதுப் பணத்தில் சேரும், எல்லோரும் பங்கிட்டுக்கொள்வார்கள்.

என் 34 வயதுக்காரரின் மதிப்பெண்கள் வருடா வருடம் இறங்கிக்கொண்டிருந்தன. கணக்குப்படி அவரை விட வேண்டும். ஒரு கிளிக்தான். திரையில் ஒரு பெயர், ஏழெட்டு எண்கள், அவ்வளவுதான் அவர். ஆனாலும் கை தயங்கியது. இரண்டு சீசன்களாக எனக்குக் கிடைத்த ஒவ்வொரு வெற்றியிலும் கடைசி மலையின் அடிவாரம் வரை முன்னால் நின்றவர் அவர்தான்.

அந்த வருடப் பயிற்சி முகாமை ரத்து செய்தேன். மிச்சமான பணத்தில் அவருக்குக் குறைந்த சம்பளத்தில் ஒரு வருடம். பையனுக்கு இரண்டு வருடம். விலை இல்லாமல் இல்லை. முகாம் இல்லாததால் வசந்த காலப் பந்தயங்கள் முழுவதும் டீம் மந்தமாகவே ஓடியது. ஸ்பான்சரின் இரண்டு இலக்குகள் போயின. ஆனால், ஜூலையில் ஒரு சின்னப் பந்தயத்தில், பெரியவர் மலை அடிவாரம் வரை காற்றைத் தாங்க, பையன் அங்கிருந்து பிய்த்துக்கொண்டு போய் ஜெயித்தான். மூன்றாவது இலக்கு நிறைவேறியது. ஸ்பான்சர் தங்கினார்.

பெரியவர் அந்தச் சீசனோடு ஓய்வு பெற்றார். ஒப்பந்தத்தை நீட்டலாம் என்று ஜூலைக்குப் பிறகு கேட்டதற்கு, பையன் பிடி கொடுக்கவில்லை. இரண்டு வருடம் முடிந்ததும் பணக்கார டீமுக்குப் போய்விட்டான். இப்போது கேமின் டூர் டி பிரான்ஸில், வேறு கலர் சட்டையில், ஒரு சூப்பர் ஸ்டாருக்கு முன்னால் காற்றைத் தாங்கிக்கொண்டிருக்கிறான். சம்பளம் நாங்கள் கொடுத்ததைப் போல ஆறு மடங்கு. அவன் மேல் கோபப்பட என்ன இருக்கிறது?

பெயருக்குப் பின்னால் ஆட்கள்

கேமில் டீம் கலைந்தால் புது கேம் தொடங்கிக்கொள்ளலாம். நிஜத்தில் அப்படி இல்லை. வீரர்கள் மட்டுமல்ல, மெக்கானிக், மசாஜ் செய்கிறவர், சமையல்காரர், பஸ் டிரைவர் என்று பல குடும்பங்கள் அந்தச் சட்டையில் எழுதிய ஒரு பெயரை நம்பி இருக்கின்றன.

ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் பகுதி மக்கள், தங்கள் மண்ணின் வீரர்களுக்காகவே ஒரு டீம் வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். ரசிகர்களே சந்தா கட்டி உறுப்பினரானார்கள். 1994-ல் பந்தயத்துக்கு வந்த அந்த டீம், பின்னாளில் டெலிபோன் கம்பெனி ஒன்றின் துணையோடு 'யூஸ்கால்டெல் - யூஸ்காதி' ஆனது. 2001-ல் முதன்முதலாக டூர் டி பிரான்ஸில் இறங்கியபோது, அவர்களின் ராபர்டோ லைசெகா லூஸ் ஆர்டிடென் மலை உச்சியில் ஜெயித்தார். பிரினீஸ் மலைச்சாலை முழுக்க ஆரஞ்சு நிறச் சட்டை அணிந்த ரசிகர்கள். அத்தனை அன்பு இருந்தும், 2013 முடிவில் பணம் இல்லாமல் டீம் மூடப்பட்டது. ஆனால், அந்த ரசிகர்களின் அறக்கட்டளை ஓயவில்லை. கீழ்ப்படியிலிருந்து சின்ன டீம் ஒன்றை மறுபடி கட்டியது; 2020-ல் அதே ஆரஞ்சு, அதே பெயர் திரும்பி வந்தது.

வீட்டில் ஆடுகிறவர்களுக்கு...

* இது கம்ப்யூட்டர் கேம். போனில் ஆடுகிற விஷயம் அல்ல. மொழி ஆங்கிலம்தான் என்றாலும், எண்களும் படங்களும் அதிகம், பழகிவிடும்.

* ஒரு நாள் பந்தயத்தை முழுதாக ஆடினால் அரை மணி நேரத்துக்கு மேல் போய்விடும். முக்கியமான பந்தயங்களை மட்டும் ஆடி, மற்றதை கேமே முடித்துக்கொள்ளும்படி விட்டுவிடலாம். தேர்வு நேரத்தில் இது கட்டாய விதி.

* பிள்ளைகள் ஆடினால், 'ஜெயித்தாயா?' என்று கேட்காமல், 'யாரை எடுத்தாய், யாரை விட்டாய், ஏன்?' என்று கேளுங்கள். பட்ஜெட் என்ற சொல்லுக்கு அர்த்தம் சொல்லித்தர இதைவிட எளிய வழி இல்லை.

* தாத்தா, பாட்டிகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். திரையில் ஓடும் மலைச்சாலைகள் அழகு. ஆலோசனையும் சொல்லலாம், குறைந்த பணத்தில் நிறைய பேரைக் கரைசேர்த்த அனுபவம் அவர்களிடம்தானே இருக்கிறது!

என் டீமின் ஆறாவது சீசனுக்குப் புது 20 வயதுக்காரன் ஒருவனைப் பார்த்து வைத்திருக்கிறேன். மலையில் 64தான். ஆனால், ஃபைட்டர் 74. இந்த முறை மூன்று வருட ஒப்பந்தம்.